உடைந்தது ஒரு சிறு குழல்

துறைமுகத்தில் நான் கப்பல் சர்வேயர். நிலக்கரியும் உரமும் கொண்டுவரும் கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை டன் சரக்கு இருக்கிறது என்று சான்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருட்டுத் தொட்டிகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் டார்ச் இல்லாமல் கப்பலில் கால் வைக்க மாட்டேன்.

அந்த டார்ச்சை வேலையில் சேர்ந்த வருடம் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்யவைத்து வாங்கினேன். டைட்டானிய உடம்பு. அதன் வால் பக்கம் ஆறு பள்ளங்கள் வெட்டி, அரிசி நீளத்துக்கு ஆறு கண்ணாடிக் குழல்கள் பதித்திருந்தார்கள். குழலுக்குள் ட்ரிட்டியம் என்ற வாயு. பேட்டரி இல்லாமலே பச்சையாக ஒளிரும், கை தவறி எங்கே உருண்டாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் அந்த வெளிச்சம் பாதியாகிவிடும். என்னுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டி மங்கிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் ஊருக்கு வந்தபோது ஆறு புதுக் குழல்கள் கொண்டுவந்து கொடுத்தான். மாற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன்.

வீட்டில் நாத்தனார் மட்டும் இருந்தாள். ஏழு மாதம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அத்தை, அதாவது என் மாமியார், சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. அவர் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாளே டார்ச்சின் வாலை அசிட்டோனில் ஊறப்போட்டிருந்ததால் பசை இளகியிருந்தது. ஊசியால் நெம்பி நான்கு குழல்களை எடுத்து, புதியவற்றை ஒட்டிவிட்டேன். ஐந்தாவது வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்தேன், மின்விசிறியைப் போட்டேன், நாத்தனாரை அரைமணி நேரம் வாசல் பக்கம் உட்காரச் சொன்னேன். குழலுக்குள் இருந்தது ஒரு மூச்சுக்குக்கூடக் காணாத வாயு, அதிலும் பாதிக்கு மேல் தீர்ந்துபோனது. காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும். அதன் கதிர் மனிதத் தோலைக்கூடத் தாண்டாது. ஏன் வெளியே உட்கார வேண்டும் என்று அவள் கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னேன். அதில் கதிரியக்கம் என்ற சொல்லும் இருந்தது.

பத்து நிமிடத்தில் பெங்களூரிலிருந்து அவள் வீட்டுக்காரர் வீடியோவில் வந்துவிட்டார். அவர் மென்பொருள் வேலை பார்ப்பவர், அதற்குள் எதையெதையோ படித்திருந்தார். அவர் சத்தம் போட, அவள் அழ, அந்த நேரம் அத்தை வந்து இறங்கினார். நான் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்துவிடுவார், ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார், உடைந்த துண்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கோடு போட்டு, எதை ஒரு தாள் தடுக்கும், எதற்கு ஈயம் வேண்டும் என்று நடத்துகிறவர்.

அத்தை கேட்டார். "ஏலே, நீ படிச்சவன்லா. நீ சொல்லு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுக்கும் டாக்டர்ட்ட ஒருக்க காட்டிருவோம்மா" என்றார்.

"நீங்க வகுப்புல என்ன பாடம் நடத்துதீங்க?" என்று கேட்டேன். "இப்ப அதுவா முக்கியம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

டாக்டரம்மா குழந்தையின் துடிப்பைக் கேட்டார், நான் சொன்னதையும் கேட்டார். ஒன்றுமில்லை, இந்தப் பெண்ணை யார் இப்படிப் பயங்காட்டியது, பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது வேறு கதையாகியிருந்தது. என் டார்ச்சால் பிரஷர் ஏறிவிட்டது என்று அத்தை போனில் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார். மறுநாளே நாத்தனாரைச் சாத்தான்குளத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடம் மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவப்பட்டது.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது டார்ச்சைத் தேடினேன். காணவில்லை. மீதிக் குழல்களும் இல்லை. கேட்டதற்கு இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அம்மா பயப்படுகிறாள் என்று நேற்றே ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

என் பொருளை என்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டதற்கு வந்த கோபம் ஒன்று. அதைவிடப் பெரிய கோபம் அடுத்த நொடி வந்தது.

"அது ஆபத்துன்னு நெனச்சிருந்தா, குப்பை அள்ளுத அக்கா கையில குடுத்திருப்பீங்களா?" என்றேன். "ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்க. அதை அன்னைக்கே உங்க அம்மாட்ட சொல்ல வாய் வரலை."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

எங்கள் தெருவுக்கு வரும் அக்கா இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திக் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். வண்டியின் முன்பக்கம் தொங்கிய பையிலிருந்து என் டார்ச்சை எடுத்தார். குழல்கள் இருந்த சின்ன டப்பாவும் இருந்தது.

"நல்லா எரியுதே, இத எதுக்கு வீசுனீக?" என்றார். உடைந்த கண்ணாடியைத் தனியாகத் தாளில் மடித்துக் கண்ணாடிச் சாக்கில் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, பச்சை வெளிச்சம், கதிரியக்கம், எதையும் மறைக்கவில்லை. கடைசிவரை கேட்டார். அப்புறம், உடைஞ்சா கை வழியா உடம்புக்குள்ள ஏறுமா என்று கேட்டார். அதில் இருந்த அளவுக்கு ஒன்றும் செய்யாது, காற்றில் போய்விடும் என்றேன். "அப்ப சரி" என்று கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். எங்கள் வீட்டில் மூன்று பட்டதாரிகள் இருக்கிறோம். மற்ற இருவரில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மீதி இரண்டு குழல்களை அன்று மத்தியானம் துறைமுக அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் மாற்றி முடித்தேன். பக்கத்து மேசைக்காரர் வந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு டார்ச் அங்கேயே என் அலமாரியில் இருக்கிறது.

நாத்தனாருக்குப் பெண்குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல். எனக்கும் சந்தோஷம்தான், அவள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஞானஸ்நான விருந்தில் அத்தை எழுந்து சாட்சி சொன்னார். கதிரியக்கத்தின் ஆபத்திலிருந்து கர்த்தர் இந்தப் பிள்ளையைக் காத்தார் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயற்பியல் ஆசிரியர் கண்ணை மூடி ஆமென் சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

போன மாதம் அவர் மெல்லப் பேச்சை ஆரம்பித்தார். பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வெவ்வேறு வேலை பார்ப்பவர்களை அழைத்துப் பேச வைக்கிறார்களாம், பெண் சர்வேயர் என்றால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்களாம், நான் வர வேண்டுமாம். வருகிறேன் என்றேன். டார்ச்சையும் கொண்டுவந்து, அதிலிருந்து வரும் பீட்டா கதிர் பற்றியும், அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது பற்றியும், யார் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன் என்றேன்.

தலைமையாசிரியரிடம் கேட்டுத் தேதி சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.