காலரக்கா தைத்த சிவப்புப் பட்டை

காலரக்கா தன் உடம்பை ஏமாற்றியது ஊசி நூலை வைத்துத்தான். சட்டை கைக்குழியில் இறுக்கியது. தையலைப் பிரித்து அரை விரல் விட்டுத் தைத்தாள். இடுப்பு இறுக்கியது, எலாஸ்டிக்கை உருவிவிட்டுத் தளர்வானதைக் கோத்தாள். செருப்பு வார் புறங்காலில் பதிந்து தடம் போட்டது. வாரை நடுவில் வெட்டி ஒரு துண்டு கொடுத்து ஒட்டுப் போட்டாள். தைக்கத் தெரியாதவளாக இருந்தால் ஒரே வாரத்தில் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடியிருப்பாள். கைத்தொழில் தெரிந்ததே அவளுக்கு வினையாகப் போனது.

சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் காலர் தைப்பவள் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் காலரக்காதான். காலர் இயந்திரத்தில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்துவிட மாட்டார்கள். இரண்டு துணிக்கு நடுவே விறைப்புத் துணி வைத்துத் தைத்து, உட்புறத்தை வெளியே புரட்டும்போது இரண்டு முனையும் கிளி மூக்குப்போல நிற்க வேண்டும். ஒரு முனை மழுங்கினாலும் சட்டை போட்டவனின் முகமே கோணலாகத் தெரியும். அவள் நூல் வெட்டும் மேசையில் தொடங்கி, பை, கை, தோள் என்று ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து அங்கே வந்து சேர்ந்தவள். இனி எந்த நாற்காலிக்கும் அவள் ஆசைப்படவில்லை. அது போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கவலை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இதயத் தசையைப் பலவீனமாக்கிவிட்டுப் போனது.

"இதயம் நின்னுடலம்மா, களைச்சுப்போயிருக்கு. தள்ள வேண்டிய ரத்தத்தை முழுசாத் தள்ள மாட்டேங்குது. அதனால உடம்புல தண்ணி தேங்கும். இது வந்துட்டுப் போற விருந்தாளி இல்ல, கூடவே இருக்கும். நாமதான் பழகிக்கணும்" என்றார் மருத்துவர். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும் என்றார். கொடுத்த மாத்திரைகளில் ஒன்று, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. அதைப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்துக்குக் கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக அலைய வேண்டும்.

அந்த மாடியில் அப்படி அலைய முடியாது. மேற்பார்வையாளரின் மேசைக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. ஆணியில் கயிறு கோத்த ஒரு சிவப்புத் துணிப் பட்டை தொங்கியது. பாஸ் என்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். வரிசை முழுவதற்கும் ஒரே பாஸ். ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஆணியை நோக்கி நடந்தால் மேற்பார்வையாளர் உதட்டைக் குவித்து விசில் அடிப்பார். அதனால் அவருக்கே விசில் என்று பெயர். விசிலுக்கு அடங்காதவளை அவர் நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார். அந்த மேசை வாசலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தவள் கொஞ்ச நாளில் வாசலைத் தாண்டிவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். அந்தப் பட்டையைத் தைத்தவளே காலரக்காதான். முன்பிருந்த அட்டை அடிக்கடி கிழிகிறது என்று விசில் குறைப்பட்டபோது, மிச்சமிருந்த சிவப்புத் துணிக்குள் காலருக்கு வைக்கும் விறைப்புத் துணியைக் கொடுத்து, சுற்றிலும் இரட்டைத் தையல் ஓட்டிக் கொடுத்தாள். "இது நம்ம பேரன் காலம் வரைக்கும் வரும்" என்று விசில் அன்றைக்கு மெச்சினார்.

வியாதியைத் தொழிற்சாலையில் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாமல் அடிக்கடி எழுந்தாலும் போகும். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: வேலை நாளில் அந்த ஒரு மாத்திரையை மட்டும் விட்டுவிடுவது. காலையில் கணவர் பார்க்கும்படி மாத்திரையைப் பிரிப்பாள். அது வாய்க்குப் போகாமல் கைப்பையில் இருந்த ஊசி டப்பாவுக்குப் போகும்.

கணவர் பேக்கரியில் ரொட்டி சுடுபவர். அவள் நோயாளி ஆனதிலிருந்து வீட்டில் உப்புக்குக் காவல்காரர் ஆகியிருந்தார். உப்பு டப்பாவை அலமாரியின் உச்சியில், தன் கைக்கே எட்டாத இடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, எடுக்க முக்காலி தேடுவார்.

"வேலையை விட்டுடேன். நான் ரொட்டி சுட்டு உன்னைக் காப்பாத்த மாட்டேனா?"

"உங்க ரொட்டியில உப்பு இருக்குங்க. அதைத் தின்னா இன்னும் சீக்கிரம் போய்ச் சேருவேன்."

"வாயைப் பாரு, வாயை! நெஞ்சுதான் பலவீனம், வாய்க்கு ஒரு குறையும் இல்ல."

தொழிற்சாலை மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது, திருப்பத்துக்குத் திருப்பம் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல நடித்தாள். ஒட்டுப் போட்ட செருப்பு அதற்கு வசதியாகவும் இருந்தது. இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவள், ஒரு காலை இரண்டாம் மாடித் திருப்பத்தில் குனிந்தாள். நிமிரவில்லை.

மருத்துவமனையில் ஊசி போட்டுத் தேங்கிய நீரை இறக்கினார்கள். மூச்சு திரும்பியது. இனி அந்த மாத்திரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றார் மருத்துவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப்பார்த்தாள். "இப்போதைக்கு முடியாது" என்றார். தொழிற்சாலைக்கு மயக்கம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று நர்ஸ் அவளை எடை பார்த்துவிட்டு, "கூப்பிட நேரமாகும். அதுவரைக்கும் அந்த பெஞ்சுல போய் உக்காருங்க. உங்க ஆளுங்கதான்" என்று கூடத்தின் மூலையைக் காட்டினாள். ஒரு கிழவரும் ஓர் இளம்பெண்ணும் அங்கே பல நாள் பழகியவர்களாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டி ஓய்ந்தவர் அவர். அந்த இளம்பெண் பள்ளி ஆசிரியை. பிள்ளை பெற்றதும் இதயம் பலவீனப்பட்டவள். பரிசோதனை நாளில் முன்கூட்டியே வந்து அந்த பெஞ்சில் கூடுவது அவர்கள் வழக்கம். மூச்சு பெஞ்சு என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் நலமா என்று கேட்பதில்லை.

"காலைக் காட்டு தங்கச்சி" என்றார் பஸ்காரர்.

"எதுக்கு?"

"எங்க பெஞ்சுல அதான் வணக்கம். வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது." குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். "குழி விழல. பரவாயில்ல. ஆனா இந்தச் செருப்பு ஏன் உன் காலை விட்டுட்டு ஓடப் பாக்குது?"

வீக்கம் வடிந்த காலில் செருப்பு படகுபோலக் கிடந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. வாரின் நடுவே இருந்த ஒட்டை அவர் விரலால் தொட்டார்.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான்."

"வீங்க வீங்கப் பெரிசாக்கிட்டே வந்தியா?"

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆசிரியை அவளுடைய சட்டையின் அக்குள் தையலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நீங்களாவது தைச்சீங்க. இவர் என்ன செஞ்சார்னு கேளுங்க."

"பெல்ட்டுல ஆணியடிச்சு ஓட்டை போட்டேன்" என்றார் பஸ்காரர். "நடுவழியில பஸ்ஸை நிறுத்திட்டு ஒதுங்க முடியுமா? ட்யூட்டி நாள்ல மாத்திரையை விட்டேன். டிப்போவுல மூச்சு விடல. கடைசியில என்ன? சீட்டும் போச்சு, நெஞ்சும் இன்னும் கெட்டுது. நம்மளை மாதிரி புத்திசாலிங்க வேற எந்த வியாதியிலயும் கிடையாது."

காலரக்கா கைப்பையைத் திறந்து ஊசி டப்பாவை எடுத்தாள். ஊசிகளுக்கு நடுவே கிடந்த மாத்திரைகளைக் காட்டினாள். வீட்டில் யாரிடமும் காட்டாததை இவர்களிடம் ஏன் காட்டினாள் என்று பிற்பாடு கணவர் கேட்டபோது, "அவங்க அழ மாட்டாங்க, அதான்" என்றாள்.

அவர்கள் அழவில்லை. பஸ்காரர் டப்பாவை வாங்கி நர்ஸிடம் கொடுத்து, மாத்திரைகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு ஊசிகளோடு திரும்ப வந்தார்.

"வேலையா, உயிரான்னு வீட்ல கேக்கறாங்கண்ணே."

"ரெண்டும்னு சொல்லு. ஆளுக்கு ஒண்ணுதான்னு யாரு அளந்து வெச்சது?"

ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் வகுப்பு மாடியில. தலைமையாசிரியை கிட்ட இன்னும் சொல்லல. படியில ஏறும்போது ஒவ்வொரு தடவையும் யாருக்கோ போன் பேசற மாதிரி நிப்பேன்."

"நான் செருப்பைக் குத்தம் சொன்னேன். நீங்க போனைச் சொல்றீங்க" என்றாள் காலரக்கா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின மாலை, காலரக்கா வீட்டில் ஒரு சிவப்புத் துணியை வெட்டினாள். உள்ளே விறைப்புத் துணி வைத்தாள். சுற்றிலும் இரட்டைத் தையல்.

"என்னடி இது?" என்றார் கணவர்.

"பாஸ்."

"திருட்டு பாஸா?"

"அசலும் நான் தைச்சதுதான். என் தையலை நானே எப்படித் திருட முடியும்?"

அவர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கயிறு வேண்டுமே என்று பேக்கரிப் பெட்டி கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் எல்லோர் எதிரிலும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலர் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். வேளை வந்ததும் தன் பட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள், வந்தாள், தைத்தாள். மறுபடி போனாள். விசில் ஆணியைப் பார்த்தார். பாஸ் ஆணியிலேயே தொங்கியது. அவள் கழுத்தைப் பார்த்தார். அங்கேயும் தொங்கியது. விசில் அடிக்க உதட்டைக் குவித்தவருக்குக் காற்றுதான் வந்தது.

"ஏம்மா, இது எது?"

"பாஸ் சார்."

"அப்போ ஆணியில இருக்கறது?"

"அதுவும் பாஸ்தான்."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது எதென்று அவருக்கே குழம்பிப்போனது. வரிசையில் கிளுகிளுவென்று சிரிப்பு கிளம்பியது.

"என்ன விளையாட்டா? இத்தனை தடவை எதுக்கு எழுந்து போற?"

"எனக்கு இதய வியாதி சார். மாத்திரை போட்டா போய்த்தான் ஆகணும். இத்தனை நாள் மறைச்சேன். மறைச்சதால படியில விழுந்தேன். இனிமே மறைக்க மாட்டேன்."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. விசிலின் குரல் தணிந்தது, இரக்கமாகத்தான் பேசினார். அவளுக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

"முன்னாடியே சொல்றதில்லையா? சரி, நாளையிலிருந்து நூல் வெட்டற மேஜைக்குப் போயிடு. லேசான வேலை."

"பழுது நெஞ்சுல சார். காலர் தைக்கறது கை. நான் நகர மாட்டேன்."

"அப்போ மேலே மேனேஜர் கிட்டதான் சொல்லணும்."

"சொல்லுங்க. நானும் வர்றேன்."

மேலாளர் அறை நான்காம் மாடியில். விசில் இரண்டிரண்டு படியாகத் தாவினார். காலரக்கா ஒவ்வொரு படியாக ஏறினாள். பாதியில் நின்றாள். செருப்பை நோக்கிக் குனியவில்லை, படியிலேயே உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று பதறி இறங்கி வந்தார் விசில்.

"ஒண்ணும் ஆகல. மூச்சு வாங்குது, உக்காந்திருக்கேன். நீங்களும் உக்காருங்க."

உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவசரப்படவில்லை. மூச்சு சமனப்பட்டதும் எழுந்து ஏறினாள்.

மேலாளர் நடுத்தர வயதுப் பெண். விசில் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னிக்குக் காலர் எண்ணிக்கை குறைஞ்சிருக்கா?" விசில் இல்லை என்று தலையசைத்தார். "குறையாத வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி மேலாளர் பேச்சை முடிக்கப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள்.

"என்னிக்காவது குறையும் மேடம்" என்றாள் காலரக்கா. "எல்லா நாளும் எனக்கு ஒரே மாதிரி இருக்காது. இங்க யாருக்குத்தான் இருக்கு? குறைஞ்ச அன்னிக்கும் நான் காலர்லதான் உக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மறைச்சுட்டேன்னு சொல்லக் கூடாது."

மேலாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. விலை கேட்ட ஆளைப் பார்ப்பதுபோன்ற பார்வை. "அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கைவசம் வந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

அடுத்த பரிசோதனை நாளில் மூச்சு பெஞ்சுக்கு இன்னும் இரண்டு சிவப்புப் பட்டைகள் வந்தன. பஸ்காரர் உடனே கழுத்தில் மாட்டிக்கொண்டு, "எனக்கு எந்த ஆபீஸ்ல தங்கச்சி காட்டறது?" என்றார். வீட்டில் அண்ணியிடம் காட்டச் சொன்னாள். ஆசிரியை தன்னுடையதை மடியில் வைத்துத் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் படியில உக்காருவேன்க்கா" என்றாள். "போனை வீட்லயே வெச்சுட்டுப் போறேன்."

"உக்காரு. யாராவது கேட்டா அவங்களையும் உக்காரச் சொல்லு. காலைக் காட்டு, பாக்கறேன்."

மாடியில் இப்போது இரண்டு பாஸ். ஒன்று விசிலின் ஆணியில். இன்னொன்று காலர் இயந்திரத்தின் விளக்குக் கம்பியில். சட்டைக்குக் கை தைக்கும் பிள்ளைத்தாய்ச்சியும், வயிறு சரியில்லாத அன்று பொத்தான்காரியும் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள். விசில் ஒரு தரம் அதைக் கத்தரித்துப் போட்டார். மறுநாள் காலை அதே கம்பியில் அதே சிவப்பு, அதே இரட்டைத் தையல். அதன் பிறகு அவர் கத்தரியை எடுக்கவில்லை.

காலர் குறைந்த நாளும் வந்தது. அன்று அவளுக்குப் படியேறவே பாதிக் காலை ஆயிற்று. விசில் மேலே மேலாளர் அறைப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார். காலரக்கா நாற்காலியை இயந்திரத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முனையைப் புரட்டி எடுத்தாள். கிளி மூக்குப்போல நின்றது.