வாத்துக் குளமும் எங்கள் லான்மடாவ் தெருவும்

சைக்ளோஸ்டைல் மையின் வாசனை... அதை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரம் காயாத தாளைக் கையில் வாங்கியதும் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும்.

யாங்கோனின் கியாக்டடா பேட்டையில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஆங்கில வகுப்பு. கீழே பஸ் கண்டக்டர்கள் "சூலே, சூலே" என்று பஸ் போகும் இடத்தைக் கத்துவது ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. பக்கத்து நாற்காலியில் ஜைனப், எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள்.

அந்தத் தாளில் இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமம் இருந்தது.

எண்ணூறு வருஷத்துத் தேவாலயம். சக்கரம் கழன்ற தண்ணீர் ஆலை. வாத்துகள் நீந்தும் குளம். ஒரே ஒரு மதுக்கடை, அதன் பலகையில் வெள்ளை மான். கொள்ளைநோயில் ஊரில் பாதிப் பேர் செத்தார்கள். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத பதினான்கு பேரின் பெயர்களைத் தேவாலய வாசலில் கல்லில் வெட்டியிருந்தார்கள்...

ஊரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கல் மறக்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் மூன்று நிமிஷம் "என் கிராமம்" பற்றிப் பேச வேண்டும். அதில் முதல் வகுப்பு வாங்கினால் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை கிடைக்கும் என்றிருந்தது. யாங்கோனில் பிறந்தவர்களுக்கு ஏது கிராமம்? இந்தத் தாளையே மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்றார் சயாமா. டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்து மட்டும், உனக்குத்தான் இந்தியாவில் கிராமம் இருக்குமே, அதைப் பற்றிப் பேசேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நம் ஊர் எது என்று கேட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

"எனக்கே தெரியாதும்மா. எங்க தாத்தா கப்பல்ல வந்து எறங்குனவரு. நான் பொறந்தது இந்தத் தெரு, நீ பொறந்தது இந்தத் தெரு. வேற எதப் போயி ஊருன்னு சொல்றது?"

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். யுத்தத்தில் தெருமுனையில் குண்டு விழுந்த பள்ளம், மழைக்காலத்தில் அதில் பிள்ளைகள் நீந்தியது, கோயில் மணியை மண்ணில் புதைத்து வைத்துக் காப்பாற்றியது... ஜப்பான்காரன் வந்தபோது எங்கள் தெருவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே கிளம்பியவர்களில் ஒன்பது பேர் போய்ச் சேரவில்லை. அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. அந்த ஒன்பது பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பரீட்சையன்று எனக்கு முன்னால் பதினோரு பேர் அதே வாத்துக் குளத்தைப் பற்றிப் பேசினார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து லான்மடாவில் எங்கள் தெருவைப் பற்றிப் பேசினேன். சயாமா குறுக்கிட்டு, தலைப்பு கிராமம் என்று நினைவூட்டினார். இதுதான் என் கிராமம், சயாமா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். ஒன்பது பெயரையும் வாசித்து முடித்துத்தான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் வகுப்பு போட்டார்கள். தலைப்பை விட்டு விலகியதாகக் காரணம்.

சயாமா என்னைத் தனியே கூப்பிட்டார். அடுத்த வாரம் வந்து தாளில் உள்ளதை ஒப்பித்தால் பரீட்சகரிடம் பேசி முதல் வகுப்புக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றேன்.

மாடிப்படி இறங்கும்போது ஜைனப் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லிட்டுப் போயேன்டி செல்வி. மூணு நிமிஷம்தானே?"

"அந்த மூணு நிமிஷம் எனக்கு ஊர் இல்லாமப் போயிரும்டி."

அவளுக்குக் கோபம். பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கப்பல் ஆபீஸ் வேலை ஜைனப்புக்குக் கிடைத்தது. நான் அவள் அப்பாவின் கடையிலேயே நாலு வருஷம் துணி கிழித்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவள் இஸ்திரி போட்ட சட்டையில் கடையைத் தாண்டிப் போகும்போது அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. பரீட்சையில் வாசித்த பெயர்களை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நான்காவது பெயரில் நிறுத்தினார். "முனியாண்டி இல்லம்மா, முனியசாமி. சரியா எழுது." எழுதினேன்.

இப்போது தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பாங்காக், மலேசியா என்று போய்விட்டார்கள். அன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்வோம். இன்றைக்குக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் புகைதான். ஜைனப்பும் இப்போது மலேசியாவில்தான்; ஜோகூரிலிருந்து போன் செய்தால், அங்கே யாராவது அவளிடம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொல்கிறாள்.

என்னையும் விடுவதில்லை. போன மாதம் வார்டு ஆபீஸில் ஒரு படிவம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், என் மகன் வயசுதான் இருக்கும், சொந்த ஊர் எது என்று பர்மியத்தில் கேட்டார். லான்மடாவ் என்றேன். அதற்கு முன்னால் என்றார். அதற்கு முன்னாலும் லான்மடாவ்தான் என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

கடைசியில் குனிந்து எழுதினார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.