பச்சை நிழல் விழுந்த முகம்

எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்த ஒரு வரியை யாரிடமும் சொல்லாமல் பல வருடங்கள் ஓட்டினேன். அதுவும் வீடியோ கேமுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்துகொண்டு.

குருடு இல்லை. வானம் நீலமாகத்தான் தெரியும், மஞ்சளும் தெரியும். ஆனால் தக்காளி பழமா காயா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். திருச்சிக்குப் போனால் சிக்னலில் மேல் விளக்கு எரிகிறதா, கீழ் விளக்கா என்று பார்த்து வண்டியை நிறுத்துவேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இல்லை என்று தெரிந்தது ரயில்வே வேலைக்கான மருத்துவச் சோதனையில். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டினார்.

"இதுல என்ன நம்பர் தெரியுது தம்பி?"

"நம்பரா சார்? புள்ளிதான் தெரியுது."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து எண்ணை முணுமுணுப்பது காதில் விழுந்தது. நான் முழித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் புத்தகத்தை மூடினார். பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது, இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்றார்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. கண்ணில் பவர் பத்தவில்லையாம் என்று சொன்னேன். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற பிரிவில் வேலை பார்த்த அப்பா, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஒரு மாதம் விடாமல் முருங்கைக்கீரை சமைத்துப் போட்டாள். நானும் ஒன்றும் சொல்லாமல் தின்றேன்.

பென்சிலில் நன்றாக வரைவேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையின் மாடியில் நடந்த கிராபிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். நிறம் என்றாலே ஒதுங்கிப்போகிற எனக்கு அங்கே முதல் வாரத்திலேயே ஒரு வழி கிடைத்தது. திரையில் தெரிகிற ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் இருந்தது. அதில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணை நம்ப வேண்டியதில்லை. பஸ்ஸில் எங்கள் ஊரான அரியலூருக்குத் திரும்பும்போதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி எண்களை மனப்பாடம் செய்தேன்.

படிப்பு முடிந்து, சென்னையில் இருந்த ஒரு சின்ன கேம் கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். முதல் கேம் விவசாயம் பற்றியது. சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி வரைகிற பிக்சல் பாணி. கேம் முழுவதற்கும் சேர்த்து முப்பத்திரண்டே நிறங்கள். பன்னிரண்டு என்றால் புல், பதிமூன்று புல்லின் நிழல், இருபது செங்கல் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஒரு பிழை வராமல் மூன்று வருடம் ஓடியது.

ஆனால் பயம் போகவில்லை. ஒவ்வொரு படத்தை அனுப்பும்போதும் விரல் அந்தப் பட்டன்மேல் ஒரு நிமிடம் நிற்கும். போன் அடித்தால், கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கல்யாணமான பிறகு மனைவியைக் கூப்பிடுவேன்.

"இங்க வந்து பாரேன், எப்புடி இருக்கு?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள். "நல்லாதாங்க இருக்கு. அந்த மாடு மட்டும் ஏன் லேசா பச்சயா தெரியுது?"

நான் சிரித்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் எண்ணைத் திருத்துவேன். பாராட்டுக்காகக் கூப்பிடுகிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

போன வருடம் கம்பெனி அடுத்த கேமை ஆரம்பித்தது. எங்கள் ஓவியக் குழுவுக்குத் தலைவி என் வயதுப் பெண். வீடியோ கூட்டத்தில் அவர் சொன்னார், "இந்தத் தடவ பிக்சல் வேணாம். கையால பெயிண்ட் பண்ண மாதிரி இருக்கணும்."

அந்தப் பாணியில் பிரஷ் நிறங்களை ஒன்றோடொன்று குழைத்துவிடும். ஒரு கன்னத்திலேயே ஆயிரம் நிறம் இருக்கும். எந்த எண்ணை மனப்பாடம் செய்வது?

கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் ஒரு அம்மாவும் மகளும் வழி தேடி நடப்பதுதான் கதை. எங்கள் ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட பள்ளங்களுக்குக் குறைவில்லை என்பதால் அந்த வேலையை எனக்கே கொடுத்தார்கள். வெளுத்த பாறைச் சுவர், அடியில் தேங்கிய தண்ணீர், மேலே வெயில். அதை எப்படியோ செய்துவிட்டேன். அடுத்து அந்த அம்மாவின் முகம்.

அப்போது மனைவி ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து கீழப்பழுவூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முகத்தைக் கொஞ்சம் வரைவதும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவதுமாக இருந்தேன். ஐந்தாவது தடவை அவளே போன் செய்தாள்.

"ஏங்க, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டே இருக்கேன். எதுக்கு இத்தன தடவ கேக்குறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அதற்குமேல் அவளுக்கு அனுப்பப் பயமாக இருந்தது. கழுத்தும் கன்னத்து நிழலும் பாக்கி. நானே முடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். ஐந்து பேர் இருந்தோம். தலைவி என் படத்தைத் திரையில் போட்டார். உடனே ஒருவர் கேட்டார், "மேடம், இந்த அம்மா செத்துப்போனவங்களா? கதையில அப்படி இல்லையே?"

நான் அந்த முகத்தையே பார்த்தேன். எனக்கு அது ஒரு சாதாரணப் பெண்ணின் முகம். அவர்கள் நால்வருக்கும் அதில் பிணம் தெரிகிறது. அந்தப் புள்ளிப் புத்தகத்தின் முன்னால் நின்றபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

"நிழல் பூரா பச்சையா இருக்கு. வேணும்னே பண்ணீங்களா?" என்றார் தலைவி.

"ஆமா மேடம். கொஞ்சம் பயமா இருக்கட்டும்னு..."

"நமக்கு வேணாம். இப்பவே உங்க ஸ்கிரீனக் காட்டுங்க. நிழல மட்டும் சிவப்புப் பக்கம் தள்ளுங்க, நாங்க பாக்குறோம்."

நிற வட்டத்தைத் திறந்தேன். அதில் எண்களைக் காட்டும் பெட்டி இருந்தது. ஆனால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் எந்த எண்ணும் நினைவுக்கு வரவில்லை. வட்டத்தில் நிறப் புள்ளியை ஏதோ ஒரு திசையில் நகர்த்தினேன்.

"அய்யோ, இன்னும் பச்சையாவுல்ல போவுது," என்று யாரோ சிரித்தார்கள்.

நான் இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். 'கரண்ட் போயிடுச்சு' என்று போனில் செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கீழப்பழுவூர் பஸ் ஏறிவிட்டேன்.

மனைவி வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"அப்ப இந்தப் புள்ளைக்கும் வருமா?"

அதுவரை என் வேலை போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இதை யோசிக்கவே இல்லை. "தெரியலயே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி, "எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க? நான் என்ன வெரட்டியா வுட்டுருப்பேன்?" என்றாள். கோபத்தில் மூக்கு நுனி துடித்தது. "போன எடுங்க. அந்த மேடத்துகிட்ட இப்பவே சொல்லுங்க. எம்முன்னாடியே சொல்லுங்க."

சொன்னேன். தலைவி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"வேலைய வுட்டு எடுத்துடுவீங்கன்னு."

"எடுத்திருக்க மாட்டோம்னு நான் பொய் சொல்ல விரும்பல," என்றார். "ரெண்டு நாள் டைம் குடுங்க."

அந்த இரண்டு நாளும் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். சோறு இறங்கவில்லை. போன் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். அப்பாவுக்குப் போன் செய்து ரயில்வே விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர், "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் தலைவி கூப்பிட்டார். என் படங்களில் வெளிச்சமும் இருட்டும் சரியான இடத்தில் விழுகின்றன, அது குழுவில் மற்றவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை என்றார். இனி நான் கருப்பு வெள்ளையில் முழுப் படத்தையும் முடிக்க வேண்டும். அதன்மேல் இன்னொருவர் நிறம் ஏற்றுவார். "இந்த கேம் வரைக்கும் இப்படிப் போவோம். அடுத்ததுக்கு இப்பவே வாக்குத் தர முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் நிறம் நன்றாகவே தெரியும், ஆனால் அவளுக்குப் பிறக்கும் பையனுக்கு வரலாம் என்று அரியலூர் கண் டாக்டர் சொன்னார். மனைவிக்கு நிம்மதி. எனக்குப் பாதிதான்.

கேம் வெளிவந்துவிட்டது. அடுத்த கேமுக்கு என்ன பாணி என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போது கூட்டங்களில், "இது என்ன நிறம், சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்வதற்கு முன் இருக்கும் அந்தச் சில நொடிகளில், நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் இன்னும் நிற்கவில்லை.