குளிர் காய வந்தவுகளும் சண்முகத்தாயும்

அடுத்தவுக வீட்டு மெத்தைய வெயில்ல காயப் போட்டு, அடுத்தவுக ஜன்னலத் தொடச்சு, அவுக எப்ப வருவாகன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற வேலைக்குப் பேருதான் காட்டேஜ் மேனேஜர். கெஸ்ட் ஹவுஸ், ரிசார்ட்டு, பண்ணை வீடுன்னு எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிக்கிற என் சகோதர சகோதரிகளுக்கு இத நான் வெளக்கணுமா? "சுடுதண்ணி வரல"ன்னு ஒரு கொரல் கேட்டதும் எந்திரிச்சு ஓடுற காலு நம்ம எல்லாருக்கும் ஒண்ணுதான்.

எனக்குச் சொந்த ஊரு சூலக்கரை. கலெக்டர் ஆபீசுப் பக்கத்து டீக்கடையில உக்காந்து, போற வாற ஆளுக மாதிரியெல்லாம் பேசிக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சவன். அதக் கேட்டு வயித்தப் புடிச்சுச் சிரிச்ச ஒரு பட்டாசு மொதலாளி, "ஏலே, இந்த வாயி இங்கன வீணாப் போகுது, மலைக்கு வா"ன்னு கூட்டிட்டுப் போயி மேனேஜர் ஆக்கிட்டாரு. கொடைக்கானல் போற வழியில ஒதுங்குன ஒரு மலைச் சரிவு. சிவகாசிப் பட்டாசுக்காரவுக, அச்சாபீஸ்காரவுக எல்லாம் கூடிக் கட்டுன பதினாலு வீடு, ஒரே கேட்டு. வெளியாளுக்கு எடம் கெடையாது. அவுகளுக்குள்ள ஒரு சங்கம், இந்த மொதலாளிதான் தலைவரு. 'பெரியண்ணாச்சி'ன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்.

அங்கன சமையலுக்கும் வீடு பாத்துக்கிறதுக்கும் இருந்தவ சண்முகத்தாய். வெம்பக்கோட்டைக்காரி. முன்னால பட்டாசுக் கம்பெனியில மருந்து செலுத்துற வேலை. எங்கூர்ல மருந்துன்னா காய்ச்சலுக்குக் குடிக்கிறது இல்ல, வெடிக்குள்ள அடைக்கிறது. ஒரு நாள் இவ தண்ணி குடிக்க வெளிய வந்த நேரம், இவ உக்காந்திருந்த ரூமு போயிருச்சு. உள்ள இருந்தவுகளும் போயிட்டாக. "இனி மருந்து இருக்கிற தெசையில தலவச்சுப் படுக்க மாட்டேன்"னு மலையேறி வந்தவ. புருசன் இல்ல, ஒரே மக, நர்சிங் படிக்கா. காலனி நடந்தா இவளுக்கு மலையில வேலை. மூடுனா கீழ போகணும், மறுபடி மருந்து. நான் சொல்லப் போற கூத்து அம்புட்டுக்கும் அடியில இந்த ஒரு பயம் ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னு வச்சுக்கங்க.

மிசினு நின்னு போச்சா?

காலண்டர் அடிக்கிற அச்சாபீஸ் அண்ணாச்சி ஒருத்தரு. சீசன் முடிஞ்சு, கடைசி லோடும் ஏத்தி விட்டுட்டு, நிம்மதியாத் தூங்கணும்னே வருவாரு. மொத நாள் விடிஞ்சதும் கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாச் செவந்து வந்து நின்னாரு. "மெத்தை சரியில்லையா அண்ணாச்சி?"ன்னேன். இல்லையாம். "குளிருதா?" இல்லையாம். "பின்ன?" "ஒரு சத்தமும் இல்லையேடா இங்கன!"ன்னாரு, என்னமோ நான் சத்தத்த எடுத்து ஒளிச்சு வச்ச மாதிரி.

அந்நேரம் பாத்து சண்முகத்தாய் இட்லிக்கு மாவாட்ட கிரைண்டரப் போட்டா. கடகடன்னு அது சுத்த ஆரம்பிச்சதும் அண்ணாச்சிக்குத் தல சாஞ்சிருச்சு. சாப்பாட்டு மேசையிலயே கொறட்டை. மாவு ஆட்டி முடிச்சு அவ சுவிச்ச அமத்துனா, மனுசன் துள்ளி எந்திரிச்சு, "எவன்லே நிறுத்துனது?"ன்னு கத்துறாரு. பெறகென்ன, அவரு இருந்த நாளெல்லாம் அந்தப் பதினாலு வீட்டுக்கும் இட்லிதான். காலி கிரைண்டர ஓட்ட அவளுக்கு மனசு வரல. ஊருக்குக் கெளம்பையில அவளக் கூப்பிட்டுச் சொன்னாரு: "மிசினு நின்னா எனக்கு நெஞ்சு நின்ன மாதிரி தாயி, நீதான் என்னைய ஓட்டி விட்ட."

ஒரு கம்பி மத்தாப்பு

எங்க காலனியில வெடி போடக் கூடாது. காடு, மிருகம், அதெல்லாம் ஒரு காரணம். மொதலாளிமாருக்கு வேற காரணம் உண்டு. வருசம் பூராவும் அதக் கட்டி அழுதவுகளுக்கு அந்தச் சத்தம் காதுல விழக் கூடாது. தீபாவளி முடிஞ்சு கம்பெனிய அடச்சதும் குடும்பத்தோட மேல ஏறிருவாக. பஞ்சு வச்ச காது மாதிரி கெடக்கும் காலனி.

ஒரு தீபாவளியன்னிக்கு, மொதலாளிமாரு ஏறி வாறதுக்கு முன்னாலயே, வனக்காவலர் ஒருத்தரு சோதனை போட வந்தாரு. சிவகாசிக்காரவுக எடம்னா சந்தேகம் வரத்தானே செய்யும்? வீடு வீடாத் தெறந்து காட்டுனேன். அலமாரி, கார் ஷெட்டு, கோழிக்கூடு கூட விடல. ஒண்ணும் இல்ல. மனுசன் மூஞ்சி தொங்கிப் போச்சு. சண்முகத்தாய் அதிரசம் கொண்டாந்து வச்சா. அதக் கடிச்சுக்கிட்டே, கொரலத் தாழ்த்தி, சுத்திமுத்திப் பாத்துட்டுக் கேட்டாரு: "வீட்டுல புள்ள அழுகுது சார், ஊருக்கே வெடி செய்யிற ஆளுக, ஒரு கம்பி மத்தாப்பு கூடவா வச்சிருக்க மாட்டீங்க?"

மேகம் மட்டும் வருது

வரவரக் கூட்டம் கொறஞ்சுச்சு. மகன்மாரெல்லாம் பாலித் தீவு, துபாய்னு பறக்காக. அப்பா கட்டுன மலை வீட்ட எட்டிப் பாக்க ஆளில்ல. மெத்தை எல்லாத்துலயும் ஈர வாடை. நானும் சண்முகத்தாயும் ஆளில்லாத வீட்டுக்குக் கோலம் போட்டுக்கிட்டுக் கெடந்தோம். பொழுது போகலேன்னா நான் ஒவ்வொரு மொதலாளி மாதிரியும் பேசிக்கிட்டே வாசல்ல வந்து எறங்குவேன். அவ "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"ன்னு அதுக்குத் தகுந்த மாதிரி மரியாதையா வரவேற்பா. ரெண்டு பேரும் சிரிப்போம். சிரிச்சு முடிச்சதும் எடம் இன்னும் அமைதியாயிரும்.

பெரியண்ணாச்சி போன் போட்டாரு. "ஒரு வருசம் வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுப் பாப்போம்லே. கூட்டம் வந்தா நடத்துவோம். இல்லேன்னா வித்துட்டுப் போயிருவோம்"னாரு. ஸ்பீக்கர்ல போட்டுருந்தேன். சண்முகத்தாய் அடுப்ப அமத்திட்டு வந்து கேட்டா. போன வச்சதும் மொகத்த முந்தானையில தொடச்சுக்கிட்டுச் சொன்னா: "எந்த ஊர்க்காரவுக வேணாலும் வரட்டும் அண்ணே, என் கைச் சோத்தத் தின்னவுக திரும்பி வராம எங்க போவாக?"

செருப்பக் கழட்டுங்க

வந்தாக. கோயம்புத்தூர்ப் பக்கத்துல இருந்து பத்துப் பேரு, கம்ப்யூட்டர் வேலை பாக்கிற புள்ளைக. சோறு பிரமாதம்னு தட்ட வழிச்சு நக்கிட்டு, சாயங்காலம் கேம்ப் ஃபயர் கேட்டாக. தீ மூட்டிச் சுத்தி உக்காந்து பாடுறது. நான் கீழ கடைக்குப் போயிருந்தேன். சண்முகத்தாய் தானே ஏற்பாடு பண்ணிட்டா. எப்படி? கம்பெனியில எப்படி ஏற்பாடோ அப்படி.

திரும்பி வந்து பாத்தா எனக்கு மயக்கம் வராத கொறை. சுத்தி நாலு வாளி தண்ணி, ரெண்டு வாளி மணலு. பத்துப் பேரு செருப்பும் வரிசையாக் கேட்டுக்கு வெளிய. பத்துப் பேரு செல்போனும் கூடையில போட்டு அடுப்படியில. நைலான் சட்டை போட்ட புள்ளைகளுக்கு என் லுங்கியும் துண்டும் போத்தி விட்டுருக்கா. விறகுக்கும் அவுகளுக்கும் நடுவுல ஒரு லாரி போகலாம். அம்புட்டு தூரம். இவ நீளக் கம்புல துணியச் சுத்தி, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத் தீய வச்சா. எரிஞ்சுச்சு. ஒரு புள்ள பாட்டக் கூட ஆரம்பிச்சிருச்சு. பச்சை விறகு ஒண்ணு படார்னு தெறிச்சுச்சு பாருங்க, மறு நொடி நாலு வாளித் தண்ணியும் அதுக்கு மேல. பத்துப் பேரும் இருட்டுக்குள்ள புகையில இருமிக்கிட்டு நிக்காக.

நான் சமாளிக்கலாம்னு அந்தப் புள்ளைக மாதிரியே இருமிக் காட்டுனேன். அவுக சிரிச்சாக. சண்முகத்தாய் சிரிக்கல. வெறும் வாளியத் தூக்கிக்கிட்டு மறுபடி தண்ணி புடிக்கப் போனா. எறங்கிப் போகையில அதுல ஒரு பையன், பாவம், நல்ல மாதிரியாத்தான் சொன்னான்: "ஏனுங்க்கா, சாப்பாடு அருமைங்க, ஆனா நாங்க குளிர் காய வந்தமுங்க, தீயணைக்கற டிரெயினிங்குக்கு வரலீங்க." அதையே அப்படியே இன்டர்நெட்டுலயும் எழுதிப்புட்டான். அடுத்து வந்தவுக எல்லாம் சோத்தப் பத்திக் கேக்கல, அதப் பத்தித்தான் கேட்டாக.

ரெண்டாவது வாளி

அதுக்கப்புறம் தீ மூட்டுறது என் வேலையாச்சு. அவ அடுப்படிக் கதவச் சாத்திக்குவா. கூட்டம் வந்தும் வராமலும் ஓடுச்சு. வருசக் கடைசியில பெரியண்ணாச்சி மூணு நாலு மொதலாளிமாரோட மேல வந்தாரு. கூட ஒரு சென்னைக்காரரு, எடம் வாங்க வந்தவரு. அவரும் கேம்ப் ஃபயர் கேட்டாரு. அதென்ன ராசியோ!

மூட்டி விட்டேன். சென்னைக்காரரு நாற்காலிய இழுத்துத் தீக்குப் பக்கத்துல போட்டு, செல்போன்ல படம் எடுக்காரு. நம்ம ஆளுகளப் பாக்கணுமே! ஒருத்தரும் சொல்லல, ஒருத்தரும் பேசிக்கல. செருப்பு தானாக் கழண்டு வெளிய போச்சு. போனெல்லாம் தூரத்துத் திண்டு மேல. நாற்காலி எல்லாம் காத்து வாற பக்கமாப் பாத்து, தள்ளி. வாழ்நாள் பூரா வெடி வித்த மனுசங்க, தீயக் கண்டதும் ஒடம்பு தானா ஒதுங்குது. சென்னைக்காரரு சிரிச்சாரு. "என்ன சார், இந்தியாவுக்கே வெடி சப்ளை பண்றீங்க, நாலு கட்டைக்கு இவ்ளோ பயமா?"ன்னாரு.

அடுப்படிக் கதவு தெறந்துச்சு. சண்முகத்தாய் ரெண்டு கையிலயும் வாளியோட வந்தா. இவ ஊத்திப்புட்டா பெரியண்ணாச்சி மானமும் போச்சு, இவ வேலையும் போச்சுன்னு நெனச்சேன். பெரியண்ணாச்சி அவளையே பாத்தாரு. ஒரு வாளிய வச்சா. இன்னொண்ண எங்க வைக்கன்னு தெரியாம நின்னா. அவரு எந்திரிச்சு, காத்து போற பக்கத்தக் கைகாட்டி, கம்பெனியில பேசுற அதே கொரல்ல மெதுவாச் சொன்னாரு: "இங்கன வையி தாயி, பொறி இந்தப் பக்கந்தான் வரும்."

அந்த ஒத்த வார்த்தையில நான் நெனச்சேன், இவரு விக்க மாட்டாருன்னு.

மெனு சென்னையிலேர்ந்து வரும்

வித்துட்டாரு.

புது ஆளுக வந்தாக. என்னைய இருக்கச் சொல்லிட்டாக. எந்த ஊர்க்காரவுக வந்தாலும் அந்த ஊரு மாதிரியே பேசுறேனாம், கெஸ்டுக்குப் புடிக்குமாம். டீக்கடையில வெட்டியா உளறுனது இங்கன தகுதியாப் போச்சு. சண்முகத்தாய்க்கு மட்டும் ஓட்டல் படிப்பு படிச்ச சர்ட்டிபிகேட்டு கேட்டாக. நான் விடல. புது மேலாளர அடுப்படிக்கே கூட்டிட்டுப் போனேன். "சார், இவுக ஊத்துன தோசையில ஒரு வாயி பிட்டுப் போட்டுக்கங்க, அப்புறம் பேசுவோம்"னேன். அவரும் பிட்டாரு. கண்ண மூடித்தான் மென்னாரு. ரெண்டாவது தோசையும் கேட்டு வாங்கித் தின்னாரு. கைய டிஸ்யூ பேப்பர்ல தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "ஃபென்டாஸ்டிக், ஆனா எங்களுக்கு மெனு, குக்கு எல்லாமே சென்னையிலேர்ந்துதான் வரும்."

பெரியண்ணாச்சியோட பெரிய மனசு

அவரு கெட்டவரு இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கெட்டவரா இருந்தா அவரு மாதிரி பேசிக் காட்டியாச்சும் மனச ஆத்திக்குவேன். சண்முகத்தாயக் கைவிடக் கூடாதுன்னு அவரே போன் பண்ணுனாரு. யாரும் கேக்காமலே, வேலையத் தேடிக் கையில குடுக்கிற மாதிரி, சந்தோசமாச் சொன்னாரு: "கவலப்படாத தாயி, நம்ம கம்பெனியிலயே வேலை போட்டுத் தாரேன், பாக்கிங்லதான், மருந்துப் பக்கம் உன்னைய விடவே மாட்டேன்."

அவ "சரிங்க அண்ணாச்சி"ன்னா. மகளுக்கு இன்னும் படிப்பு முடியல. வேற என்ன சொல்லுவா? பஸ்ஸுல ஏத்தி விடையில நான் என்னமோ சிரிக்க வைக்கணும்னு கண்டக்டர் மாதிரி விசில் அடிச்சு, "வெம்பக்கோட்டை, வெம்பக்கோட்டை"ன்னு கூவுனேன். பஸ்ஸே சிரிச்சுச்சு. அவ ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்துச் சொன்னா: "போதும்ணே, இதுக்கு மேல நல்லாப் பண்ணாதீக, எறங்கிருவேன்."

சீசன்

போன ஆடியில ஊருக்கு வந்தப்ப வெம்பக்கோட்டைக்கும் போனேன். அணைக்கட்டுத் தண்ணி அடியில கெடக்கு, வெயிலு மண்டையப் பொளக்குது. அவ வீட்டு வாசல்ல நின்னு அச்சாபீஸ் அண்ணாச்சி கொரல்ல, "தாயி, மிசினு ஓடுதா?"ன்னேன். "ஏ, யாரு வந்திருக்காக!"ன்னு ஓடி வந்தா. அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்துச்சு. மக கடைசி வருசத்துல இருக்காளாம், வீட்டுல ஒரு வெள்ளைக் கோட்டு கொடியில காயுது.

காப்பி கொண்டாந்து நீட்டுனா. டம்ளரு சில்வரு. அதப் புடிச்சிருந்த கையும் சில்வரு. வெரலு, நகக்கண்ணு, மணிக்கட்டு வரைக்கும் மினுமினுன்னு. அலுமினியப் பொடி, வெடி மருந்துல கலக்குறது. பாக்கிங்ல அட்டைப் பெட்டி மடிக்கிறவ கையில அது ஒட்டாது, எங்கூர்ல பொறந்த எவனுக்கும் அது தெரியும். நான் பாக்கிறத அவ பாத்துட்டா. கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா. எனக்கு ஒரு கொரலும் வரல. மொதலாளி கொரலு, மேலாளர் கொரலு, எதுவும் வரல, என் கொரலு கூட வரல. அவதான் பேசுனா, என்னையத் தேத்துற மாதிரி: "ஆர்டர் நெறய இருக்காம்ணே, ஆளு பத்தலயாம், சீசன் முடிஞ்சதும் மாத்தி விடுதேன்னு பெரியண்ணாச்சியே சொல்லிருக்காக, காப்பி ஆறுது, குடிங்க."

மொதலாளிமாரு ஓய்வெடுக்க மலை மேல பதினாலு வீடு கட்டத் தெரிஞ்ச எங்களுக்கு, நெசமாவே அங்கன இருந்தாகணும்னு வந்த ஒரே ஒரு ஆள மட்டும் இருக்க வைக்கத் தெரியாமப் போச்சு.