மீன் பார்க்கப் போகிறேன்

சுகியின் நாலு மீன்களையும் கொன்றது நான்தான். சென்றியில் நின்ற பெடியன் அல்ல.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை...

சண்டைக் காலம். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு ரீச்சர் வீட்டுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவவின் மகள் சுகிக்கு எட்டு வயது. கண்ணாடித் தொட்டியில் நாலு தங்க மீன் வளர்த்தாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர்கள் கண்டிக்குப் போனபோது வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார்கள். சுகி கொப்பித் தாளில் எழுதித் தந்தாள்: "காலமை ஒரு சிட்டிகை சாப்பாடு. கூடப் போடாதேங்கோ மாமி. பத்து மணிக்கு முதல் யன்னல் சீலையை இழுத்து விடுங்கோ. வெயில் பட்டால் தண்ணி சுடும்."

அந்த வீட்டுக்குப் போக ஆமியின் காவலரணான ஒரு சென்றியைத் தாண்ட வேண்டும். அங்கே காவல் நின்ற சிங்களப் பெடியனுக்கும் சுகிக்கும் ஒரு விளையாட்டு. அவளைக் கண்டால் உள்ளங்கையை மீன் மாதிரி நெளித்து, "மாளு?" என்பான். சிங்களத்தில் மாளு என்றால் மீன்; மீன் சுகமா என்று கேட்கிறானாம். அவளும் கையை நெளித்துக் காட்டிவிட்டு ஓடுவாள்.

இரண்டு நாள் ஒழுங்காகப் போனேன். மூன்றாம் நாள், மீனுக்குக் கொஞ்சம் வெளிச்சம் படட்டும், பத்து மணிக்கு முதல் வந்து இழுத்துவிடலாம் என்று சீலையைத் திறந்தபடி விட்டு வந்தேன். அதற்குள் பட்டினத்தில் குண்டு வெடித்தது. திரும்பிப் போனால் சென்றியில் நீண்ட வரிசை. எங்கே போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வந்தவள். கதைக்க ஏலாமல் கையிலிருந்த மகனின் படத்தை நீட்டிக் காட்டினாள்.

அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மீன் பார்க்கப் போகிறேன்" என்று நான் சொல்வதா?... வெட்கம். வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஒரு நாளுக்கு நீங்கள் என்னை மன்னிக்கக்கூடும். அவர்கள் வரும்வரை இருந்த மற்ற ஆறு நாளுக்கு?

அடுத்த நாள் வரிசையே இல்லை. தூரத்தில் என்னைக் கண்டு அந்தப் பெடியனே கையை நெளித்தான். போ என்று வழியும் விட்டான்! பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தலையைக் குனிந்து மற்றப் பக்கம் நடந்தேன். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று...

அவர்கள் வந்தபோது தொட்டித் தண்ணீர் பச்சையாகி நாறிக் கிடந்தது. சுகி அழவில்லை. செத்த மீன்களைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ரீச்சர் என்னைப் பார்த்தா.

"சென்றியில விடேல்ல, பிள்ளை," என்றேன்.

சுகி நிமிர்ந்தாள். "மாளு மாமாவோ விடேல்ல?"

"ஓம்."

ஒரு சொல். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு அவன் கையை நெளித்தால் சுகி நிலத்தில் துப்புவாள். ஒன்றும் விளங்காமல் அவன் என்னைப் பார்ப்பான். நான் இடியப்பப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடப்பேன்.

மாசி மாதம் அந்தச் சென்றிக்குக் குண்டு எறிந்தார்கள். அவன் செத்துப்போனான். அன்று நான் போனபோது சுகி வாசற்படியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேலை மாமி," என்றாள். "என்ர மீனும் அவனாலதானே செத்தது."

ரீச்சர் கேட்டுக்கொண்டு நின்றா. பிள்ளையை ஏசவில்லை. எட்டு வயதுப் பிள்ளை! அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தது யார்?

போன வருடம் சுகி கனடாவிலிருந்து தன் பிள்ளைகளோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சென்றி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. என்னையும் கூட்டிப்போய், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

"இதிலதான் ஒருத்தன் நிண்டவன். என்ர மீனுக்குச் சாப்பாடு போடப் போன மாமியை மறிச்சவன். ஓமெல்லோ மாமி?"

அந்தச் சின்ன முகங்கள் என்னைப் பார்த்தன. சொல்லியிருக்கலாம்... கடவுளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்!

"ஓம்," என்றேன்.

மறுநாள் அவனுக்கு ஒரு மோட்ச அர்ச்சனை செய்யக் கோயில் வரிசையில் நின்றேன். ஐயர் பேர் கேட்டார்.

அவன் பேர் எனக்குத் தெரியாது. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள்.

தட்டோடு வரிசையை விட்டு விலகி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.