ஜலகாம்பாறையில் முப்பத்தாறு படங்கள்

கிருபானந்தத்துக்குப் பழுப்பு நிறத்தில் மட்டும் நாற்பது வகை தெரியும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு ஷேட் பார்க்கிற வேலை. இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு வரும். அதே நிறத்தில் பத்தாயிரம் சதுர அடி வேண்டும் என்பார்கள். சாயம் ஏறி வருகிற தோலை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் துண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, சிவப்பு ஜாஸ்தி என்றோ மஞ்சள் கம்மி என்றோ சொல்ல வேண்டும். அவர் சரி என்று அனுப்பியது எதுவும் பதினெட்டு வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. அதிகம் பேச வேண்டியிராத வேலை அது. அவருக்கும் அதுவே பிடித்திருந்தது.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. மனைவி கிரேஸி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். தொண்ணூற்று மூன்றில் மஸ்கட்டில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துப் போனாள். சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டால் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. கிருபானந்தத்தின் அம்மா அப்போது பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இங்கே இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் நீண்டது. மூன்று வருஷம் கழித்து மகள் ஃபீபியையும் கிரேஸி அழைத்துக்கொண்டாள், அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருப்பதாகச் சொல்லி. அதன்பின் எப்போது வருவாய் என்று கேட்டால், ஃபீபி படிப்பு முடியட்டும் என்பாள். அதற்கடுத்த வருஷம் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபின் கிருபானந்தம் தானும் வந்துவிடட்டுமா என்று போனில் கேட்டார். இங்க வந்து இன்னா பண்ணுவீங்க என்றாள் கிரேஸி. அவள் மனசில் எதையும் வைத்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்றுதான் கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. இரண்டாயிரத்தில் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மஸ்கட்டிலிருந்து தாயும் மகளும் நேரே அங்கே போய்விட்டார்கள். கட்டி முடித்த வீட்டில் மூன்று அறைகள். கிருபானந்தம் ஒன்றில் படுத்தார், மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருக்கினார்.

நடுவில் ஒரு லீவில் வந்தபோது கிரேஸி அவருக்கு ஒரு பெண்டாக்ஸ் கேமரா வாங்கி வந்தாள். உங்களுக்குப் பொழுது போகும் என்றாள். அந்தக் கேமராவால்தான் அவருக்கு ஜியாவுல்லாவின் பழக்கம் ஏற்பட்டது. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஜியாவுல்லா. கேமரா பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடத்திவந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோ மாடியில் கூடுவார்கள். எடுத்த படங்களை மேஜையில் பரப்பி வைத்து ஆளுக்கொன்று சொல்வார்கள். அங்கே எல்லோருக்கும் ஆனந்தம் சார் ஆகிவிட்ட கிருபானந்தம் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது நிறத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஏலகிரியின் பின்பக்கம் ஜலகாம்பாறையில் தண்ணீர் கொட்டுகிறது என்று திருப்பத்தூரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் வைத்துப் போவதென்று முடிவாயிற்று. இந்தத் தடவை வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார் ஜியாவுல்லா.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரைக்குத்தான் கிரேஸி போன் பண்ணுவாள். அவளுக்கு அங்கே காலை எட்டு மணி. அதனால் முந்தின வாரமே கிருபானந்தம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த ஞாயிறு வீட்டில் இருக்க மாட்டேன், ஃபால்ஸ் படம் எடுக்கப் போகிறோம் என்றார். அவள் குறைப்பட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். நல்லதாகப் போயிற்று, அன்றைக்கு ஒருத்தி ட்யூட்டி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நானும் ஒத்துக்கொள்கிறேன் என்றாள் கிரேஸி.

வேன் காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. மற்ற எல்லோரும் ஜோடியாகவோ பிள்ளைகளோடோ வந்திருந்தார்கள். அவருக்கு மட்டும் பக்கத்து சீட் காலி. ஜியாவுல்லாவின் மனைவி நசீமுன்னிசா விடியற்காலையிலேயே பிரியாணி பண்ணித் தேக்சாப் பாத்திரத்தைத் துணியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். ஆனந்தம் சார் தனியாகத்தானே இருக்கிறார் என்று யாரோ சொல்ல, தேக்சா அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வாணியம்பாடி தாண்டி ஒவ்வொரு வளைவிலும் அது சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனார். துணியையும் மீறிச் சூடு கையில் ஏறியது.

அருவியில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுற்றுவட்டாரத்து இளவட்டங்களெல்லாம் வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் கேமராவை வைத்தாலும் நாலு தலையும் ஒரு சோப்பு டப்பாவும் குறுக்கே வந்தன. ஜியாவுல்லாவும் ட்ராயிங் மாஸ்டர் காசியும் மேலே ஏறி இடம் தேடினார்கள். பேங்கில் வேலை பார்க்கும் நவநீதன் தன் மனைவி சௌமியாவைத் தண்ணீருக்கு முன்னால் நிற்க வைத்து எடுக்க ஆரம்பித்துவிட்டான். கிருபானந்தம் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் போகும் போக்கிலேயே கீழே இறங்கி நடந்தார்.

ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு போனால் கூட்டத்தின் சத்தம் குறைந்துவிட்டது. அங்கே ஓடை இன்னொரு தடவை விழுந்தது. இடுப்பளவு உயரம்தான் இருக்கும். ஆனால் பாறை மூன்று படியாக இருந்ததால் தண்ணீர் மூன்றாகப் பிரிந்து இறங்கியது. மரநிழல் முழுக்க மூடியிருந்தது. ஷட்டரை அரை செகண்டு திறந்து வைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெரியாமல் பட்டு நூலை அவிழ்த்துவிட்ட மாதிரி விழும் என்று ஜியாவுல்லா சொல்லிக்கொடுத்திருந்தார். அதற்கேற்ற வெளிச்சம் அங்கே இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். ட்ரைபாடின் ஒரு காலைப் பாறை இடுக்கில் செருகினார். முதல் படத்தை எடுத்தார். அப்புறம் நேரம் போனது தெரியவில்லை. நனைந்த பாறையின் பழுப்பும் நனையாத பாறையின் பழுப்பும் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவில் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு நிறம் இருந்தது. இவ்வளவு வருஷத்தில் எந்த வெளிநாட்டுக்காரனும் அந்த நிறத்தைக் கேட்டதில்லை. குனிந்து எடுத்தார், உட்கார்ந்து எடுத்தார், பாசியின் ஓரமாக முழங்காலிட்டு எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போதே இதை அனுப்ப வேண்டும், இதை ஃபீபி தன் அறையில் ஒட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டார். படத்துக்குப் பின்னால் என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்தார். பல மாதங்களாக அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கேமராவில் படங்களை எண்ணிக் காட்டும் எண் முப்பத்தாறுக்கு வந்தது; ஒரு ரோலில் அவ்வளவுதான். முப்பத்தேழும் எடுத்தார். சில ரோலில் ஒன்றிரண்டு கூட வரும். முப்பத்தெட்டும் வந்தது. முப்பத்தொன்பதாவது தடவையும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் தடையில்லாமல் சுற்றியபோது அவருடைய கை நின்றது. ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை லேசாகத் திருகிப் பார்த்தார். அது வெறுமனே சுற்றிற்று. காலையில் இருட்டோடு கிளம்பிய அவசரத்தில் ஃபிலிமின் நாக்கு உள்ளே உருளையில் சரியாக மாட்டவில்லை. காலையிலிருந்து ஒரு படம்கூட விழவில்லை.

அவர் ஒரே ஒரு ரோல்தான் கொண்டுவந்திருந்தார். அதையே இப்போது சரியாக மாட்டி மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கலாம். ஃபிலிம் அப்படியே புதிதாகத்தானே இருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேமராவைத் திறக்கக் கை எழவில்லை. ட்ரைபாடை அப்படியே விட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். ஒன்றரை ஆகியிருந்தது. வீட்டில் போன் அடிக்காமல் இருக்கும். அடித்தாலும் எடுக்க ஆள் இல்லை. இரண்டில் எது மேல் என்று யோசிக்க ஆரம்பித்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். வெயில் மரத்தைத் தாண்டி வந்து தண்ணீர்மேல் விழுந்தது.

சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டபோதுதான் எழுந்தார். எத்தனை எடுத்தீர்கள் என்று நவநீதன் கேட்டதற்கு, முப்பத்தாறும் முடிந்தது என்றார். பிரியாணிக்குப் பிறகு ஜியாவுல்லா எல்லோரையும் பாறைமேல் வரிசையாக உட்கார வைத்துத் தன் கேமராவைக் கிருபானந்தத்தின் கையில் கொடுத்தார். அவர் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் பாடினார்கள். தேக்சா காலியாகி வேனின் பின்னால் போய்விட்டது. அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் வழக்கமாகவே பேசாதவர் என்பதால், அன்று பேசாததை யாரும் கவனிக்கவில்லை.

ரம்ஜான் நோன்பு வந்ததால் அடுத்த கூட்டம் தள்ளிப்போய், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது. எல்லோரும் படங்களைப் பரப்பினார்கள். ஆனந்தம் சாருடையது எங்கே என்று கேட்டார்கள். லேபில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமென்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். ஆனால் ஊரில் எல்லாருடைய ரோலையும் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்குகிறவர் ஜியாவுல்லாதான். அவர் தலையில் பழி போட மனசு வரவில்லை.

"ஃபிலிம் மாட்டலை பாய். சும்மா சுத்தினு இருந்திருக்குது" என்றார்.

காசி தன் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டுவது முழுவதையும் அப்படித்தான் எடுத்ததாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கிருபானந்தமும் சிரித்தார். சௌமியா மட்டும் சிரிக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவளிடம் இருந்தது சும்மா ஒரு சின்னக் கேமரா. மேலே இருந்து, தூரத்திலிருந்து எடுத்திருந்தாள். மூன்று படியாக விழும் தண்ணீர். ட்ரைபாடில் ஒரு கேமரா. பக்கத்தில் பாறைமேல் ஒரு ஆள், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல்.

"ரொம்ப நேரம் அப்டியே உக்காந்துனு இருந்தீங்க சார். கூப்பிடலாமான்னு நெனச்சேன். அப்புறம், தொந்தரவா இருக்குமோன்னு வந்துட்டேன்" என்றாள்.

"கூப்ட்டிருக்கலாம்மா" என்றார் அவர்.

இந்தச் சில வருஷங்களில் எடுத்த அவருடைய படம் என்று வீட்டில் எதுவுமே இல்லை. கேமரா வந்ததிலிருந்து அவர்தான் மற்றவர்களை எடுத்துக்கொண்டிருந்தார். சௌமியாவிடம் கேட்டு வாங்கி, அந்தப் படத்தையே அயர்லாந்துக்கு அனுப்பினார். பின்பக்கம் ஜலகாம்பாறை என்று எழுதித் தேதி போட்டார். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. கிரேஸி வழக்கம்போல் குளிரையும் ட்யூட்டியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"அந்த ஃபோட்டோ வந்துச்சி. இன்னா, இவ்ளோ எளைச்சிட்டீங்க?"

"தூரத்துல எடுத்தது. அப்டித்தான் தெரியும்."

"பக்கத்துல யாருமே இல்லியா?"

"வேன் நெறைய ஆளுங்க வந்திருந்தாங்க."

அவள் குரல் வேறு மாதிரி ஆனது.

"நா வந்துரட்டுங்களா? இங்க போதும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன். சொல்லுங்க."

எட்டு வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை. வா என்ற ஒரு எழுத்தைச் சொன்னால் போதும். ஆனால் அதோடு வேறு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஃபீபிக்குப் பதினாலு வயது. தமிழ் எழுதப் படிக்க மறந்துவிட்டது. அங்கேதான் அவளுக்குத் தோழிகள். கிரேஸி இங்கே வந்தால் மறுபடி மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்தவளைப்போல வார்டில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவள் இந்த வீட்டின் மூன்று அறைகளில் ஒன்றில் உட்கார்ந்து, தான் ஏன் வந்தோம் என்று நினைப்பாள். அதைச் சொல்லவும் மாட்டாள். அந்த முகத்தை அவரால் இப்போதே பார்க்க முடிந்தது.

"ஃபீபி படிப்பு முடியட்டும் கிரேஸி" என்றார்.

சொன்ன பிறகுதான், இத்தனை வருஷமும் அவள் சொல்லிவந்ததையே தானும் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. சரிங்க என்றாள் அவள். அந்தச் சரியில் ஏமாற்றம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நிறத்தையும் இன்னொரு நிறத்தையும் பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் அவர். அன்று முழுதும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறினார்.

இரண்டாயிரத்து நாலில், ஃபீபி பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு முன் கிருபானந்தம் ஒன்றரை மாத லீவு போட்டு அயர்லாந்து போனார். விமான நிலையத்தில் தாயும் மகளும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். முதல் வாரம் மூன்று பேரும் சேர்ந்தே சுற்றினார்கள். பிறகு கிரேஸிக்கு லீவு தீர்ந்தது, ஃபீபிக்குப் பள்ளிக்கூடம். காலை ஏழரைக்குமேல் அந்தச் சின்ன வீட்டில் அவர் தனியாக இருந்தார். எந்த அலமாரியில் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே நாலு நாள் ஆயிற்று. கிரேஸி ட்யூட்டி முடிந்து வந்ததும் அவருக்கு முன்னால் தட்டு வைத்து, விருந்தாளிக்குப் போடுவதுபோல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். சண்டை ஒன்றாவது வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு சாயங்காலம் அவருக்குத் தோன்றியது.

ஊர் திரும்பிய ஞாயிறு, ஒன்றரைக்குப் போன் வந்தது. உடம்புக்கு எப்படி இருக்கிறது, தூக்கம் சரியாயிற்றா என்றெல்லாம் கிரேஸி விசாரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"உங்க சாக்ஸ் ஒரு ஜோடி இங்கியே கெடக்குது. ஹீட்டர் மேல காயப் போட்டிருந்தீங்க, மறந்துட்டீங்க. அனுப்பட்டா?"

"வாணாம். அங்கியே இருக்கட்டும்" என்றார் கிருபானந்தம்.

அவளுக்கு ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.