ஹீமோகுளோபின் ஒன்பதும் ஒரு சோபாவும்

எனக்கு இரத்தசோகை என்று வைத்தியர் சொன்ன அன்று, ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போன நோயாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம் கெல்லர். எங்கள் மாடிக் குடியிருப்பின் நிலவறையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் கம்பிக்கூண்டுக்குத்தான் அந்தப் பெயர். அதைத் துப்புரவாக்குவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்து இரண்டு கோடைகள் போய்விட்டன. உள்ளே பழைய டயர்கள், உடைந்த கட்டில், மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு மேடைக்காக றெஜிபோம் என்ற வெள்ளை நுரைத்தக்கையில் வெட்டிய ஆளுயர மயில். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மயிலை அகற்றும் வீராப்போடு எழும்புவேன். சோபா வரைக்கும் வருவேன். அங்கே களைத்துவிடும்.

சோம்பேறி என்பது மனைவியின் தீர்ப்பு. உடம்பு ஏலாது என்பது என் மேன்முறையீடு. ஆதாரந்தான் இல்லாமல் இருந்தது. மூன்று மாடி ஏற மூச்சு வாங்கத் தொடங்கியபோது அவளே என்னை இரத்தப் பரிசோதனைக்குத் துரத்தினாள். ஹீமோகுளோபின் ஒன்பது. ஆண்களுக்குக் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டுமாம்.

“பாத்தீரே? நான் சோம்பேறி இல்லை. வருத்தக்காரன்,” என்று தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் தாளைப் பறித்து வாசித்தாள். “கடவுளே! ஏனப்பா முந்தியே சொல்லேல்லை?”

“ரெண்டு வருசமாச் சொல்லுறன். நீர் காது குடுத்தால்தானே!”

“சரி, விடுங்கோ. இரத்தம் ஊறுமட்டும் கெல்லர் பக்கம் போக வேண்டாம்.”

அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? என் மானம் அல்லவா அது!

அடுத்த முறை வைத்தியர் விளக்கம் சொன்னார். இரத்தசோகை ஒரு வகை அல்லவாம். செவ்வணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் போதாமல் இருக்கலாம். நாட்பட்ட நோயாலோ சிறுநீரகக் கோளாறாலோ வரும் வகையும் உண்டு. என் அணுக்கள் சிறுத்துப் போயிருந்தன. ஆகவே இரும்புச்சத்துக் குறைவு. இல்லாவிட்டால் பரம்பரையாக வரும் தலசீமியா, அதுவும் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாத மெல்லிய வகை.

நான் புடவைக்கடையில் நிற்பவனைப் போல, அந்தக் கடைசி வகையைத் தருமாறு உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பழி முன்னோர்மேல் போகும். மருந்தும் இல்லை. ஆயுளுக்கும் கெல்லர் இல்லை! ஆனால் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. இரும்புக் குளிசை எழுதித் தந்துவிட்டார்.

ஒழுங்காகத்தான் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஒன்பது. வைத்தியர் நெற்றியைத் தடவினார். எதனோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டார்.

வேறு எதனோடு? காலையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பால் விடாத, சாயம் கூடிய பிளேன்ரீயோடுதான். எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் பூக்கன்றுக்கு ஊற்றுவது. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் போக விடாது என்று அவர் விளக்கினார். ஒரு மாதமாக நான் இரும்பை வாயால் வாங்கி அப்படியே வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

“வேணுமெண்டு செய்தனீங்களோ?” என்றாள் மனைவி. அவள் சந்தேகப்பட்டதில் பிழையில்லை. ஆனால் அந்தளவுக்குத் திட்டமிட எனக்கு ஏது உற்சாகம்?

அதோடு முடியவில்லை. ஆணுக்கு இரும்பு குறைந்தால் இரத்தம் எங்கேயாவது கசிகிறதா என்று கட்டாயம் தேட வேண்டுமாம். வாய் வழியே கமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்க நாள் குறித்தார்கள். மயக்க ஊசி போடுவதால் கூட்டிப்போக ஒருவர் வர வேண்டும். மனைவி வந்தாள். அவளைக் கூட்டிப்போனதுதான் நான் செய்த பெரும் பிழை.

அரை மயக்கத்தில் நான் கிடக்க, வயிற்றுக்குள் சின்னப் புண் ஒன்று கசிகிறது என்றார் அங்கிருந்த வைத்தியர். வலிக்குளிசை எடுப்பதுண்டா என்று என்னைக் கேட்டார்.

“முதுகு வலிக்கு, தினமும்,” என்றேன் பெருமையாக. இன்னொரு வருத்தம் என்றால் இன்னொரு சான்று.

“முதுகு ஏன் வலிக்கிறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி தெளிவான ஜேர்மன் மொழியில் ஒரே சொல் சொன்னாள். சோபா.

திரும்பும்போது எஸ்-பானில் அவள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். “சோபாவிலை கிடந்து முதுகு நொந்தது. நோவுக்குக் குளிசை. குளிசையாலை புண். புண்ணாலை இரத்தம் போச்சு. இரத்தம் போய்க் களைப்பு. களைச்சுப் போய்த் திரும்பவும் சோபா. அப்ப எங்கை தொடங்கினது, சொல்லுங்கோ பாப்பம்?”

“எனக்கு இன்னும் மயக்கம் தெளியேல்லை,” என்றேன்.

வலிக்குளிசை நின்றது. புண் ஆற மருந்து வந்தது. இரும்பை, அதை உடம்பில் சேரவைக்கும் வைட்டமின் சி உள்ள தோடம்பழச் சாற்றோடு விழுங்கினேன், தேநீரிலிருந்து இரண்டு மணிநேரம் தள்ளி. ஹீமோகுளோபின் மெல்ல மெல்லப் பதின்மூன்றைத் தாண்டியது. புதிய தாளை மனைவியே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். எந்த வைத்தியரும் எழுதாத மருந்தையும் கூடவே அறிவித்தாள்: சோபா வீட்டில் இருக்கக்கூடாது.

“எங்கையப்பா வைக்கிறது?”

“கெல்லரிலை. இடம் இல்லையெண்டால் எடுங்கோ.”

எடுத்தேன். டயர் போனது, கட்டில் போனது, மயில் இரண்டாய் முறிந்து போனது. சோபாவை மூன்று மாடி இறக்கினேன். மூச்சு வாங்கவேயில்லை, வெட்கக்கேடு. இப்போது கெல்லரை யாரும் குறை சொல்ல முடியாது. அதை அப்படியே துப்புரவாக வைத்திருக்க, சனிக்கிழமைதோறும் ஒரு தலையணையோடு நானாகவே இறங்கிப் போகிறேன்.